மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி

1

அப்பாவின் திதி வரும் நாட்களில் ஊரில் புரட்டாசி வெயில் காயும். இங்கே மெல்போர்னில் பக்கத்து வீட்டு ப்ளம் மரம் பூத்திருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டேதான் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன். அப்பாவை நினைக்கிறேனோ இல்லையோ, அன்றைக்குத் தவறாமல் இன்னொருவனை நினைப்பேன். தணிகாசலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தச்சன். என் அப்பாவைக் கொன்றவன் என்று என் வாழ்நாளில் பாதிக்கு மேல் நான் நம்பியிருந்த மனிதன்.

இந்த ஆண்டு திதிக்கு முன்பு ஒரு முக்காலி செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். எழுபது தாண்டிவிட்டது, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, தோட்டத்தில் உட்கார ஒன்று வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். பொய். என்னிடம் ஒரு புளியங்கட்டை வில்லை இருந்தது. ஒன்றேகால் அடி அகலம், மூன்று விரல்கடைத் தடிமன். அதன் ஒரு முகம் சாமில்லில் அறுத்தது. மறுமுகம் தணிகாசலத்தின் ரம்பம் அறுத்தது. அவன் அறுத்த முகத்தை மேலே வைத்து, கீழே மூன்று கால் கொடுத்து, சாகும்வரை தினமும் அதன் மேல் உட்கார வேண்டும். கடல் கடந்து வந்த கிழவனால் செய்ய முடிந்த பழி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

2

அந்தக் கட்டை இந்த நாட்டுக்குள் வந்ததே ஒரு கதை.

குடியேறி வந்தபோது பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அதை வைத்திருந்தேன். மரம், விதை, மண் எதுவானாலும் விமான நிலையத்தில் சொல்லியாக வேண்டும். சொன்னேன். பூச்சி இருக்கிறதா, பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விளக்கடியில் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு படிவம் கொடுத்தார்கள். பொருளின் பயன் என்ற இடத்தில் 'கறி வெட்டும் கட்டை' என்று எழுதினேன். மதிப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரில் இருந்த அதிகாரிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குடும்ப நினைவுப் பொருளா என்று கேட்டாள். அப்பாவின் நினைவாக என்றேன். வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன் என்றாள். அந்த வருத்தத்தையும் வாங்கிக்கொண்டேன். கட்டையை மருந்துப் புகை போட எடுத்துப் போய், ஆறு வாரம் கழித்து முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

என் மனைவி இருந்தவரை அதை வீட்டுக்குள் விடவில்லை. புளியமரம் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். செக்குக்கும் கறிக்கடைக்கும் போகும். கட்டிலாகவோ கதவாகவோ அதை யாரும் செய்யமாட்டார்கள். கார் நிறுத்தும் கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அது கிடந்தது.

முக்காலிக்கான வரைபடத்தை என் பேத்தி மீரா இணையத்திலிருந்து அச்சடித்துக் கொடுத்தாள். எட்டுப் பக்கம். எல்லாம் மில்லிமீட்டரில். அதை மடியில் வைத்து அடி, அங்குலத்துக்கு மாற்றினால்தான் என் கைக்குப் புரிந்தது. கடையில் உளி கேட்கப் போனால் ஆங்கிலச் சொல் வாயில் வரவில்லை. ஆங்கிலத்தில் வரைபடம் போட்டே பிழைத்தவன், கையை உளிபோல் பிடித்துக் காற்றைத் தட்டிக் காட்டினேன். கடைப் பெண் அன்போடு என்னைச் சுத்தியல் வரிசைக்கு அழைத்துப் போனாள்.

மீரா கல்லூரிக்குப் போகிறவள். தமிழ் புரியும், பேசினால் ஒவ்வொரு சொல்லும் விசா வாங்கிக்கொண்டு வரும்.

"தாத்தா, இந்தப் பக்கம் ஸ்மூத்தா இருக்கு. இதை மேலே வைக்கலாமே?"

"வேண்டாம். அந்தப் பக்கம்தான் மேலே."

"அதுல நடுவுல ஸ்டெப் மாதிரி ஒண்ணு இருக்கு. உட்கார்ந்தா குத்தும்."

"குத்தட்டும்."

அவள் சொன்னது உண்மை. அந்த முகத்தில், மூன்றில் ஒரு பங்கு தள்ளி, குறுக்கே ஒரு படி ஓடியது. பாதி விரல் உயரம். அதை எத்தனையோ முறை தடவியிருக்கிறேன். அவன் கோணல் புத்தி அறுப்பிலும் தெரிகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

3

கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் நான் வரைபடக்காரனாக இருந்தேன். பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டு இதழ்கள் எடைக்கு வரும். அவற்றில் வீட்டிலேயே மேசை, அலமாரி செய்துகொள்வதற்கான வரைபடங்கள் இருக்கும். அவற்றை அடி அங்குலத்தில் மாற்றி, தமிழில் குறிப்பெழுதி, நானே செய்து பார்ப்பேன். கச்சிராயபாளையம் சாலையில் இருந்த தணிகாசலத்தின் கொட்டகையில்தான் மரம் வாங்குவேன், இழைப்புளி இரவல் கேட்பேன், திட்டு வாங்குவேன்.

"இன்னா சார் இது, படத்துல மரமே காணோம். கோடுதான் கீது."

"அளவு சரியா இருக்கா பாரு, தணிகா."

"அளவு இன்னா அளவு. படத்துல இருக்கற மரத்துக்குக் கணு கெடையாது, கோணல் கெடையாது. அதான் உங்கள மாதிரி நேரா நிக்குது."

ஆனால் வரைபடத்தைத் திருப்பித் தரமாட்டான். ஆணியில் மாட்டி வைத்துக்கொள்வான். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவான். அந்தச் சமயம் அவன் ஓர் ஆலையில் தச்சர் வேலைக்கு நேர்காணல் முடித்துவிட்டு உத்தரவுக்குக் காத்திருந்தான். வேலை கிடைத்ததும் மாத விடுப்பில் வெள்ளிமலைக்குப் போய் நல்ல மரம் பார்த்து, என் வரைபடத்தின்படி ஓர் ஊஞ்சல் செய்வதாகச் சொல்லியிருந்தான். அதற்குக்கூட வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

4

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. எங்கள் பக்கத்துச் சாலையோர மரங்களை வெட்டி வழியில் சாய்த்திருந்தார்கள். கோரிக்கையின் நியாயம் இந்தக் குறிப்பின் விஷயமல்ல. நியாயம் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன்.

அப்பா மலையடிவாரத்தில் எங்கள் நிலத்துக் கொல்லைவீட்டில் இருந்தார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அங்கிருந்தது தற்செயல். ஒரு வாடகைக் காரைப் பிடித்து, பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. வேர்ப்பக்கம் ஒரு கரையில், கிளைகள் எதிர்ப்பக்கப் பள்ளத்தில். நடுமரம் தரையில் படாமல் இடுப்புயரத்தில் நின்றது. பத்துப் பேர் இருந்தார்கள். அப்பாவின் தலையைச் சீட்டில் சாய்த்துவிட்டு இறங்கினேன்.

"போவாது. வண்டியத் திருப்பு."

"எங்கப்பாவுக்கு நெஞ்சு வலிங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம்."

"காத்தால இருந்து வர்றவனெல்லாம் நெஞ்சு வலிதான் சொல்றான். ஊரு பூரா ஒரே நெஞ்சு வலி."

சிரித்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். மரத்தின் அடியில் மண்டியிட்டு, கழுத்தை வளைத்து, தணிகாசலம் அறுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் பிடி வைத்த பெரிய ரம்பம். ஒரு பிடியில் அவன் கை. மறு பிடியில் யாருமில்லை. மற்றவர்கள் அவனைப் பார்க்காததுபோல் நின்றார்கள்.

"தணிகா! நான்தான். எங்கப்பா, தணிகா!"

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகமெல்லாம் வேர்வையும் மரத்தூளும். ஒரு சொல் பேசவில்லை. மறுபடி குனிந்து அறுத்தான்.

சாகக்கிடக்கிற மனிதனை வைத்துக்கொண்டு நான் கூப்பிடுகிறேன். இவன் சாலை மரத்தைத் தன் கொட்டகைக்கு அறுத்துக்கொண்டிருக்கிறான். அப்படித்தான் நினைத்தேன்.

கார் ஓட்டியவர் மெதுவாகச் சொன்னார்: "சார், கொஞ்ச நேரம் பாப்பமா?"

"திருப்புய்யா" என்றேன்.

கரும்புக் கொல்லைகளின் ஊடே ஒரு மண்பாதையில் சுற்றிக்கொண்டு போனோம். ஒரு மதகைத் தாண்டும்போது என் மடியில் அப்பாவின் தலை கனத்தது.

5

பழி வாங்குவதில் நான் அவசரப்படவில்லை. வரைபடம் போடுகிறவனின் பொறுமை எனக்கு இருந்தது.

முதலில் போலீஸ் நிலையம். மறியல் செய்தவர்களில் யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். ஒரே ஒருவன் பெயரைச் சொன்னேன். மரத்தை அறுத்துக்கொண்டிருந்தான் என்றேன். அது பொய்யல்ல. எழுதிக்கொண்டார்கள். அவனைக் கூட்டி வந்து அடையாளம் காட்டச் சொன்னபோது, விரலை நீட்டி அவன் நெஞ்சைத் தொட்டேன். அப்போதும் அவன் ஒன்றும் பேசவில்லை.

சாய்ந்த மரங்களைச் சாலைத்துறை முற்றத்தில் குவித்திருந்தார்கள். அந்தக் கட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, கேட்டு வாங்கி, அவன் அறுத்த முகத்தோடு ஒரு வில்லை போடச் சொன்னேன். எதற்கு சார் இது என்று சாமில்காரர் கேட்டார். கறி வெட்ட என்றேன்.

சிறையிலிருந்து வந்தவனைத் தெருக்காரர்கள் மாலை போட்டு ஊர்வலமாகக் கூட்டிப் போனார்கள். அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். மாலைக்குள் அவன் தலை தொங்கியிருந்தது. திமிர் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தேன்.

பிறகு வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவன் வழக்கும் போயிற்று. ஆலையிலிருந்து உத்தரவு வரப்போகிறது என்று காதில் விழுந்தது. அன்றைக்கே ஆலைக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். கலவரத்தைப் பயன்படுத்திச் சாலை மரத்தைத் திருடியவன், வழக்கில் சிக்கியவன், கருவிகளை நம்பி ஒப்படைக்க முடியாதவன் என்று. பெயர் போடவில்லை. வரைபடத்துக்குக் குறிப்பெழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழகாக எழுதினேன். வேலை வேறொருவருக்குப் போயிற்று. தணிகாசலம் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டான், வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் தினக்கூலிக்குக் கதவு ஜன்னல் போடுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். அப்பா போன பிறகு அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை. இந்த வாக்கியத்தை எழுதத்தான் இத்தனையும் எழுதிக்கொண்டு வந்தேன்.

6

போன மாதம் அடித்த காற்றில் பக்கத்து வீட்டு ஸ்டாவ்ரோஸின் பழைய மரம் ஒன்று வேலிமேல் சாய்ந்தது. கிரேக்கர். என்னைவிட மூத்தவர். முக்காலிக்குக் கால் வேண்டுமானால் இதிலிருந்து எடுத்துக்கொள் என்றார். ஒரு முனை வேலியில், மறு முனை கிளைகளில் ஊன்றிக் கிடந்தது மரம். மேலிருந்து அறுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் ரம்பம் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மரம் பல்லைக் கடித்ததுபோல் அதைக் கவ்விக்கொண்டது.

ஸ்டாவ்ரோஸ் சிரித்தார். இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கிற மரம் நடுவில் தொய்யும், மேலே வெட்டினால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும் என்றார். ஓர் ஆப்பைச் செருகி ரம்பத்தை விடுவித்தார். பிறகு அந்த வயதில் முட்டியை மடக்கி மண்ணில் உட்கார்ந்து, கீழிருந்து மேலாக அறுத்தார். மேல் அறுப்பைக் கீழ் அறுப்பு தொட்டதும் மரம் இரண்டாக விழுந்தது.

அறுத்த முகத்தைப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு தள்ளி, குறுக்கே ஒரு படி. இரண்டு அறுப்பும் துல்லியமாகச் சந்திக்காததால் வந்த படி.

கொட்டகைக்குப் போய்ப் புளியங்கட்டையை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஸ்டாவ்ரோஸ் குனிந்து தடவிப் பார்த்தார்.

"இதை அறுத்தவருக்குத் தொழில் தெரியும். ஆனால் ஏதோ அவசரம்."

"எப்படித் தெரியும்?"

"நேரம் இருக்கிறவன் அடியில் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே மேலிருந்து அறுப்பான். விழப்போகிற மரத்துக்கு அடியில் தலையைக் கொடுக்கமாட்டான்."

கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேன். மரத்துக்காக அறுத்தவனானால் ஏன் அந்த அவசரம்? அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருந்தது. புளியமரத்தை எந்தத் தச்சன் கொட்டகைக்குத் திருடுவான்? வீட்டுக்கு ஆகாத மரம் என்று குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். போலீஸ் நிலையத்தில் நின்றபோதும், மொட்டைக் கடிதத்தில் 'திருடியவன்' என்று எழுதியபோதும் தெரியும். தெரிந்ததைக் கேட்கக்கூடாது என்று நானே என் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அவன் கொலைகாரன் இல்லையென்றால், 'திருப்புய்யா' என்று சொன்னவன்தான் மிச்சம்.

7

கள்ளக்குறிச்சியில் இருக்கும் உறவினர் ஒருவர் எண் வாங்கிக் கொடுத்தார். தணிகாசலம் மலையில்தான் இருக்கிறான், இப்போது வேலைக்குப் போவதில்லை, மகள் வீட்டில் இருக்கிறான் என்றார். நான்கு நாள் எண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். திதியன்று எள் இறைத்த கையோடு போன் செய்தேன். மீரா பக்கத்தில் இருந்தாள்.

"யாரு?"

பெயர் சொன்னேன். அலுவலகம் சொன்னேன்.

"ஓ. கோடு போடற சாரா. இன்னும் இருக்கியா?"

முன்பெல்லாம் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவான்.

"தணிகா, அன்னைக்கு அந்த மரத்தை நீ..."

"வழி வுடறதுக்குத்தான் அறுத்தேன். காத்தால பிரசவத்துக்குப் போன வண்டியக்கூட திருப்பி வுட்டானுங்க. மனசு கேக்கல, போய் ரம்பத்த எடுத்துக்கினு வந்தேன். நீ திரும்பிப் போன கொஞ்ச நேரத்துல அறுப்பு வுட்டுச்சி. தழ பாரத்துக்கு நுனிக்கட்ட பள்ளத்துல சரிஞ்சிச்சி. ஒரு கார் போவற அளவுக்கு வழி."

"நான் கூப்பிட்டேனே. ஏன் ஒரு வார்த்தை பேசல?"

"தலைக்கு மேல மரம் தொங்குது. மூச்ச வுட்டா கை நின்னுபூடும். பேசிக்கினே அறுக்க அது இன்னா காயா? உங்கப்பாவுக்காகத்தான் அப்பறம் வேகமா இழுத்தேன்."

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? மரத்த சாச்சது எங்க தெரு ஆளுங்க. அறுத்து வழி வுட்டேன்னு எழுதிக் குடுத்தா, வூட்டுக்கு உயிரோட வருவனா? உள்ள இருக்கறதே மேலுன்னு இருந்துட்டேன். வெளிய வந்தா மாலை போட்டானுங்க. இன்னிக்கி வரைக்கும் போராட்டத்துல சிறைக்குப் போனவன்னுதான் மரியாத. அந்த மாலையோட பாரம் உனக்குத் தெரியாது."

"தணிகா, ஆலைக்கு ஒரு கடிதம் போச்சு. அது..."

"தெரியும். ஆபீசுல எனக்கே காட்டினாங்க. உன் எழுத்த எனக்குத் தெரியாதா? ஊஞ்சல் படத்துல எழுதின அதே கை. 'க'வுக்கு வால் போடமாட்ட நீ."

மீரா என் தோளைத் தொட்டாள்.

"அப்பவே என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே. உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருப்பேன். நீ அழுதுகினு வந்து கால்ல வுழுந்திருப்ப. பெரிய மனுசன் அழுவுறானேன்னு நான் மன்னிச்சாவணும். அதான் சொல்லல. அப்பனக் கொன்னவன்னு என்ன நெனச்சிக்கினே இருக்கட்டும்னு வுட்டேன். பொய்ய நெனச்சிக்கினு வேவறது எவ்ளோ கஷ்டம், வெந்து பாருன்னு."

அவனே தொடர்ந்தான்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் சார். ரம்பத்துக்கு ரெண்டு பிடி. எதிர்ப்பிடி காலியாத்தான இருந்துச்சி. எங்காளு ஒருத்தனும் தொடமாட்டான், அது எனக்குத் தெரியும். நீயும் நின்ன. உனக்குக் கூடவா தெரியல?"

தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்தக் காட்சியில் மாறாமல் இருந்தது அந்தக் காலிப் பிடி ஒன்றுதான். அதை அவனிடம் சொன்னேன். பிறகு, அந்த மரத்தின் கட்டை என்னிடம் இருக்கிறது, முக்காலி செய்துகொண்டிருக்கிறேன், அவனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று வாயை விட்டு வந்த பிறகு தெரிந்தது.

அவன் சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான்.

"புளியங்கட்டைய வூட்டுக்கு அனுப்பறானாம். வேணாம் சாமி. நீயே உக்காரு. என் அறுப்பு மேல பக்கமா, கீழ பக்கமா?"

"மேலே."

"இழைச்சிட்டியா?"

"இல்ல."

"குத்துமே."

"குத்தும்."

"அப்ப சரி. இழைக்காத" என்றான். "இதெல்லாம் எங்கனா எழுதுவ நீ. எழுது. என் பேர மாத்திடு. இங்க எனக்கு இருக்கறது அந்த மாலை ஒண்ணுதான்."

வைத்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

பெயரையும் தெருவையும் மாற்றியிருக்கிறேன். முக்காலி முடிந்துவிட்டது. ஸ்டாவ்ரோஸின் மரத்தில் மூன்று கால். வரைபடத்தில் சொன்ன உயரத்தைவிட ஓர் அங்குலம் கூடுதல், என் முட்டிக்காக. இதை அதன் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மத்தியானம் மீரா ஒரு மெத்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றேன்.